அழகுச் சிகிச்சைக்கு முந்தைய கேள்விகள்: செட்டிநாட்டுச் சூழலில் முன்கலந்தாய்வு

அழகுக்கலைப் படிப்புகளில் ‘கன்சல்டேஷன்’ எனப்படும் முன்கலந்தாய்வு என்பது, ஃபேஷியல், ப்ளீச், வாக்ஸிங், முடிச்சாயம், தோலுரிப்பு, லேசர் என எந்தச் சிகிச்சையையும் தொடங்குமுன் வாடிக்கையாளரின் விருப்பத்தையும் உடல்நிலையையும் கேட்டறிந்து, தோலையும் முடியையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்தும் தொட்டும் சோதித்து, செய்யத் தக்கது எது, தகாதது எது, செலவு எவ்வளவு என்பதை விளக்கி ஒப்புதல் பெற்று, அனைத்தையும் ஓர் அட்டையில் பதிந்துவைப்பதாகும். சிடெஸ்கோ, சிட்டி அண்ட் கில்ட்ஸ் போன்ற வெளிநாட்டுச் சான்றிதழ்ப் படிப்புகளும், மத்திய அரசின் திறன்மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ் இயங்கும் அழகு மற்றும் நலவாழ்வுத் துறைத் திறன் கவுன்சிலின் பாடத்திட்டங்களும், தொழிற்பயிற்சி நிலையங்களின் அழகுக்கலைப் பிரிவும் இதைத் தொடக்கப் பாடங்களில் ஒன்றாகவே வைத்துள்ளன. ஆயினும் காரைக்குடி போன்ற ஊரில் பார்லர் நாற்காலியில் அமர்ந்தவரிடம் பெரும்பாலும் கேட்கப்படுவது “என்ன பண்ணணும்க்கா?”, “முகூர்த்தம் என்னைக்கு?” என்ற இரண்டு கேள்விகளே. இந்த இடைவெளிக்குப் பணியாளரின் அக்கறைக் குறைவு மட்டுமே காரணம் என்று கொள்வது எளிது. ஆனால் பாடநூல் தரும் கேள்விப் பட்டியல் செட்டிநாட்டு உடலையும் வீட்டையும் திருமணத்தையும் கருதி எழுதப்பட்டதன்று என்பதும், எனவே அதை அப்படியே கேட்டாலும் பயனுள்ள விடை கிடைப்பதில்லை என்பதும் அதே அளவு முக்கியமானவை.

பார்லர் வருமுன் இவ்வட்டாரத்தில் அழகுபடுத்தும் வேலை வீட்டுக்குள் நடந்தது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ ஆகியவற்றைக் காயவைத்து அரைத்த நலங்கு மாவைப் பெண்ணுக்குப் பூசிய அப்பத்தாவோ ஆயாவோ அவளிடம் எதையும் கேட்க வேண்டிய தேவை இருந்ததில்லை. பிறந்த நாள்முதல் குளிப்பாட்டிய கைக்கு, எந்தப் பொருள் பட்டால் அந்த உடம்பு தடிக்கும் என்பது தெரிந்தே இருந்தது. சித்த மருத்துவம் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எட்டு வகையாக நோயாளியைச் சோதிக்கும் எண்வகைத் தேர்வை வகுத்துள்ளது. இவற்றுள் தொட்டறியும் பரிசம், பார்த்தறியும் நிறம், பேச்சைக் கேட்டறியும் மொழி ஆகிய மூன்றும் இன்றைய முன்கலந்தாய்வின் அடிப்படைகளே. முடிதிருத்தும் தொழிலையும் மருத்துவத்தையும் மகப்பேற்றுத் துணையையும் ஒரே சமூகத்தார் செய்துவந்த தமிழ்நாட்டு மரபில், உடம்பை அழகாக்குவதும் அதன் நோயை அறிவதும் வெவ்வேறு வேலைகளாகப் பிரிந்திருக்கவில்லை. அந்தப் பழமையை மிகையாகப் போற்றத் தேவையில்லை, ஏனெனில் அங்கும் தவறுகள் நேர்ந்தன, அவற்றைப் பதிந்துவைப்பாரும் இல்லை. பார்லர் கொண்டுவந்த மாற்றம், முன்பின் அறியாத ஒருவர் அறியாத உடம்பின்மேல் வேதிப்பொருளைப் பூசுவதே ஆகும். கேட்டறிதல் கட்டாயமானதும் அதனால்தான்.

செட்டிநாட்டில் இந்தக் கட்டாயம் திருமணக் காலத்தில் கடுமையாகிறது. எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் பரவியுள்ள நகரத்தார் குடும்பங்களில் கணிசமானவை சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்தாலும், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ உள்ள பூர்வீக வளவு வீட்டில்தான் திருப்பூட்டு எனும் தாலி கட்டும் சடங்கு நடக்க வேண்டும் என்று பல குடும்பங்கள் இன்றும் கருதுகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் காலியாகக் கிடக்கும் பார்லர் நாற்காலி தையில் விடியற்காலை மூன்று மணிக்கே நிறைந்துவிடுகிறது. மணப்பெண் இரண்டு மூன்று நாள்களுக்கு முன்புதான் விமானத்தில் வந்திறங்குகிறாள். அவளுடைய தாயும் அத்தைமாரும் பெரியாச்சிமாரும் அதே நாளில் தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வருகின்றனர். ஒவ்வாமைச் சோதனைக்கு வேண்டிய நேரம் இங்கேதான் இல்லாமற்போகிறது.

முடிச்சாயத்தில் கருமை தருவது பெரும்பாலும் பாரா ஃபினைலின் டையமின், சுருக்கமாகப் பி.பி.டி. எனப்படும் வேதிப்பொருள். இது சிலருடைய உடலில் ஒவ்வாமையை உண்டாக்கும். அந்த ஒவ்வாமையின் இயல்பு, முதன்முறை பூசும்போது பெரும்பாலும் வெளித்தெரியாமல் உடலின் எதிர்ப்பாற்றலை மட்டும் பழக்கிவைத்து, பின்னொரு முறை பூசும்போது முகமும் இமையும் வீங்குமளவுக்கு வெளிப்படுவதாகும். ஆகவே “பத்து வருஷமா போடுறேன், ஒண்ணும் ஆனதில்லை” என்ற விடை வாடிக்கையாளருக்கு நிம்மதி தரலாமே தவிர, பணியாளருக்குத் தரக்கூடாது. இந்திய அழகுப்பொருள் விதிமுறைகள் இத்தகைய சாயங்களின் உறையில், தோல் எரிச்சல் உண்டாகலாம் என்பதால் முதலில் சோதிக்க வேண்டும் என்றும், புருவத்துக்கோ இமைமயிருக்கோ பூசினால் பார்வையே போகலாம் என்றும் எச்சரிக்கை அச்சிடவேண்டுமெனக் கூறுகின்றன. காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது பூசி 24 மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு முறை சாயமிடுமுன்னும் இதைச் செய்ய வேண்டும் என்பதும் அந்த விதிமுறைகளில் உள்ளவை. பல நிறுவனங்களின் துண்டுத்தாள்கள் 48 மணி நேரம் கேட்கின்றன; தாமதமாக எழும் ஒவ்வாமை மூன்றாம் நாளிலும் தலைகாட்டலாம் என்பதால் அதிக நேரமே பாதுகாப்பானது.

வெள்ளிக்கிழமை வந்திறங்கி ஞாயிறு காலை முகூர்த்தத்தில் நிற்க வேண்டிய ஒருவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்காகச் சோதனையைக் கைவிட வேண்டியதில்லை. கலந்தாய்வை முன்பணம் வாங்கும் நாளுக்கு நகர்த்தினால் போதும். திருமண முன்பதிவு மாதக்கணக்கில் முன்னதாக நடப்பதால், அன்றே தொலைபேசியில் கேள்விகளைக் கேட்டுப் பதிந்து, பயன்படுத்தவிருக்கும் சாயத்தின் நிறுவனப் பெயரையும் நிற எண்ணையும் சொல்லி, அதே பொருளைக் கொண்டு அவர் இருக்கும் ஊரிலேயே சோதித்துப் படம் அனுப்பச் சொல்லலாம். ‘ட்ரையல் மேக்கப்’ என்ற பெயரில் தனிக் கட்டணத்துக்குச் செய்யப்படும் ஒத்திகை ஒப்பனை, யாரும் அப்படிக் கருதாவிட்டாலும், முகப்பூச்சுகளுக்கான ஒவ்வாமைச் சோதனையாகவும் அமைந்துவிடுகிறது. வசதியுள்ள பெண்ணுக்கு மட்டும் தற்செயலாகக் கிடைக்கும் பாதுகாப்பு இது.

மருதாணியும் இந்தக் கேள்விக்குள் வர வேண்டும். அரைத்த இலையின் சிவப்பு லாசோன் என்ற இயற்கை நிறமியால் வருவது. அது பெரும்பாலோருக்குத் தீங்கற்றது, ஆனால் ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக் காரணமாகியிருக்கிறது. சில நிமிடங்களில் கறுப்பாகப் பிடிக்கும் ‘கறுப்பு மெகந்தி’யில் பி.பி.டி. கலந்திருப்பது வழக்கம். சிறுமியாக இருந்தபோது திருவிழாவில் கையில் போட்ட கறுப்புக் கோலம் கொப்புளித்ததா என்ற ஒரு கேள்வி, முப்பது வயதில் அவள் தலைக்குச் சாயம் பூசலாமா என்பதைத் தீர்மானிக்க உதவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் முடிச்சாய உறைகளிலேயே இந்த எச்சரிக்கை இடம்பெறுகிறது.

அடுத்து வருவது, செட்டிநாட்டு அட்டையில் முதலிடம் பெற வேண்டியதும் வெளிநாட்டு அட்டையில் பெரும்பாலும் இல்லாததுமான கேள்வி: முகத்தில் ஏற்கெனவே பூசிவரும் சிவப்பழகுக் கிரீம் எது? இதன் எடையை உணர்த்துவது கேரளத்தின் மலப்புறம் மாவட்ட அனுபவம். கோட்டக்கல்லில் உள்ள மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவினர், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் நோயுடன் வந்த 22 பேரை ஆராய்ந்தபோது, அவர்களுள் 15 பேரிடம் நெல்-1 என்ற அரிய வகை காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குமுன் சிவப்பழகுக் கிரீம் பூசிவந்ததை ஒப்புக்கொண்டனர். கிரீம்களைச் சோதித்தபோது பாதரசம் மிகுந்திருந்தது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகள், கண்சார்ந்த பொருள்களில் தற்செயலாகச் சேரும் பாதரசம் பத்து லட்சத்தில் 70 பங்குக்கும், பிறவற்றில் 1 பங்குக்கும் மிகக்கூடாது என்கின்றன. ஆனால் தயாரித்தவர் பெயரோ முகவரியோ இல்லாமல் கைமாறும் டப்பாக்கள் எந்த விதியையும் படித்துவிட்டு வருவதில்லை. நோயின் காரணத்தை நோக்கி மருத்துவர்களைத் திருப்பியது, என்ன பூசுகிறீர்கள் என்று நோயாளிகளைக் கேட்டதே என்பது முன்கலந்தாய்வைப் பற்றி எழுதுவோர் மறக்கக்கூடாத செய்தி.

ஸ்டீராய்டு கலந்த பூச்சுமருந்துகள் இன்னும் பரவலானவை. இந்தியாவில் 12 மையங்களில் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், முகத்தோல் கோளாறுகளுடன் வந்த 2926 பேரில் 433 பேர், அதாவது 14.8 விழுக்காட்டினர், முகத்தில் ஸ்டீராய்டு பூசிவந்தனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவர் அல்லாதார் சொல்லிப் பூசியவர்கள். தொடக்கத்தில் முகம் பளிச்சென்று வெளுக்கும். பின்னர்த் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் முடியும் முளைத்து, வெயில் பட்டாலே எரியும். நிறுத்தினால் எல்லாம் இருமடங்காகத் திரும்பும். ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்று இந்தியத் தோல்நோய் மருத்துவர்கள் பெயரிட்ட இந்நிலையில் உள்ள முகத்தில், ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கொண்ட ப்ளீச்சைப் பூசுவது அல்லது மெழுகு ஒட்டி இழுப்பது தோலையே உரித்துவிடக்கூடும். 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சுமருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்தபின்னும் அவை கடைகளில் கேட்டால் கிடைக்கும் நிலை முற்றிலும் மாறிவிடவில்லை.

இங்கே கேள்வியின் வடிவமே விடையைத் தீர்மானிக்கிறது. “மருந்து ஏதாவது பூசுறீங்களா?” என்றால் “இல்லை” என்ற விடையே வரும், ஏனெனில் பூசுபவர் மனத்தில் அது மருந்தன்று, கிரீம். “ராத்திரி படுக்கப்போறப்ப முகத்துக்கு என்ன போடுவீங்க? அந்த டியூபை ஒரு படம் எடுத்து அனுப்புங்க” என்றால் உண்மை வந்துவிடும். உறையின் பின்புறத்தில் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஹைட்ரோகுயினோன் ஆகிய நான்கு பெயர்களைப் படித்தறியும் பயிற்சியை ஒரு பிற்பகலில் பெற்றுவிடலாம்; பல மாத ஒப்பனைப் படிப்புகளில் அது இடம்பெறாதது வியப்புக்குரியது.

சர்க்கரை நோயைப் பற்றிய கேள்வியும் இவ்வாறே திருத்தப்பட வேண்டியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடுதழுவிய ஆய்வு, இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்கு, அதாவது பத்துக் கோடிப் பேருக்கு, சர்க்கரை நோய் உள்ளதாக மதிப்பிட்டது. “சுகர் இருக்கா?” என்று கேட்டால் “கன்ட்ரோல்ல இருக்கு” என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். பெடிக்யூர் செய்யுமுன் அறிய வேண்டியது பாதத்தில் மரமரப்பு உண்டா, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்ததுண்டா, ஆறாத புண் இருந்ததா என்பனவே. நரம்பு உணர்வு குன்றிய பாதம் வெந்நீரின் சூட்டையும் நகவெட்டியின் வெட்டையும் உணராது. மறுபுறம், கழுத்தின் பின்புறம் மட்டும் கறுத்துத் தடித்துவிட்டதென்று ப்ளீச் கேட்டு வரும் இளம்பெண்ணிடம் காணப்படுவது அழுக்கோ வெயிற்கருமையோ ஆகாமல், இன்சுலின் உடலில் சரிவர வேலை செய்யாததைக் காட்டும் அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ் என்ற தோல்மாற்றமாக இருக்கலாம். எத்தனை முறை ப்ளீச் செய்தாலும் அது போகாது. இரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதே அங்கு நேர்மையான சேவை.

நெற்றியில் ஒட்டுப் பொட்டு வைக்கும் இடத்தில் வட்டமாக வெளுத்திருப்பதைப் புருவம் திருத்துபவர் வேறெவருக்கும் முன்பே காண்கிறார். பசையில் கலந்திருக்கும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் தோலின் நிற அணுக்களை அழிப்பதால் உண்டாகும் வெண்மை இது என்பதை இந்தியத் தோல் மருத்துவர்கள் நெடுநாளாகப் பதிந்துள்ளனர். பொட்டின் வகையை மாற்றச் சொல்வதே முதல் உதவி. உடலின் பிற இடங்களில் காணும் வெளிறிய திட்டில் தொடுவுணர்வு குறைந்திருந்தால் அது தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இத்தகைய இடங்களில் பணியாளர் நோயின் பெயரைச் சொல்லும் உரிமை உடையவரல்லர். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவையோ அருகிலுள்ள மருத்துவரையோ காட்டி, அன்றைய சிகிச்சையை ஒத்திப்போடுவதோடு அவர் பொறுப்பு முடிகிறது.

தோல் வகையைக் குறிக்க உலகெங்கும் வழங்கும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் வெள்ளையரின் தோல் வெயிலில் எவ்வாறு சிவக்கிறது என்பதை அளக்க வகுத்தது; மாநிறமும் கருநிறமும் ஐந்தாம் ஆறாம் வகைகளாகப் பின்னர் சேர்க்கப்பட்டவை. தமிழர் தோலில் பெரும்பகுதி நான்கு முதல் ஆறு வரையான வகைகளில் அடங்குவதால், “வெயிலில் சிவக்குமா?” என்ற அட்டைக் கேள்வியைவிட, “கொசுக்கடியோ பருவோ ஆறியபின் கறுப்புத் தழும்பு எத்தனை மாதம் இருக்கும்?” என்ற கேள்வி பயன்மிக்கது. காயத்துக்குப் பிந்தைய இந்தக் கருமையே தோலுரிப்பும் முடிநீக்கும் லேசரும் இங்கு விளைவிக்கும் முதன்மைத் தீங்கு. லேசரில் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் கருவி கருநிறத் தோலுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்பதை வாடிக்கையாளரும் அறிந்திருப்பது நல்லது.

அரிதாயினும் கடுமையான சில ஆபத்துகளும் அட்டையில் இடம்பெற வேண்டியவை. தலை கழுவும் தொட்டியில் கழுத்தைப் பின்னுக்கு மிகவும் வளைத்ததால் பக்கவாதம் நேர்ந்த ஐந்து பெண்களைப் பற்றி 1993இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் மைக்கேல் வைன்ட்ராப் எழுதினார். முடியை நேராக்கும் கிரீமிலுள்ள கிளையாக்சிலிக் அமிலத்தால் ஒரே பெண்ணுக்கு மும்முறை சிறுநீரகம் பாதிக்கப்பட்டதாகப் பிரெஞ்சு மருத்துவர்கள் 2024இல் அறிவித்தனர். பருவுக்காக ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உண்பவருக்கு வாக்ஸிங் செய்தால் மேல்தோல் பிய்ந்து வரக்கூடும் என்பது நெடுநாள் அறிந்தது. எனினும் மாத்திரையை நிறுத்தியபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும் என்ற பழைய பொதுவிதியை, மேலோட்டமான தோலுரிப்புக்கும் முடிநீக்கும் லேசருக்கும் போதிய சான்றில்லை என்று 2017இல் அமெரிக்கத் தோல் அறுவை மருத்துவச் சங்கத்தின் வல்லுநர் குழு தளர்த்தியது. அட்டைகளையும் அவ்வப்போது திருத்த வேண்டும் என்பதற்கு இது சான்று.

கேள்வி சரியாக இருந்தாலும் யார் விடை சொல்கிறார் என்ற சிக்கல் எஞ்சுகிறது. மணப்பெண் நாற்காலியில் இருக்க, “அவளுக்கு ஒண்ணுமில்லை, நீங்க போடுங்க” என்று அருகில் நிற்கும் தாயாரோ சின்னத்தாளோ முந்திக்கொள்வது செட்டிநாட்டில் மரியாதைக் குறைவாக எண்ணப்படுவதில்லை. ஆச்சியின் பேச்சை மறித்துப் பெண்ணிடம் நேரே கேட்பதே மரியாதைக் குறைவு. ஆனால் முகவாயில் முடி முளைப்பது சூற்பைக் கட்டிகளோடு தொடர்புடையதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா என்பனவற்றைத் தாய் அறியாதிருக்கலாம், அறிந்தாலும் மணமகன் வீட்டார் காதுக்கு எட்டிவிடும் என்றஞ்சி மறைக்கலாம். தலை கழுவும் தனியறைக்கு அழைத்துச் சென்று, குரலைத் தாழ்த்தி, “தங்கச்சி, இது எனக்கு மட்டும் தெரிஞ்சா போதும்” என்று கேட்கும் பணியாளர் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத திறனைக் கையாள்கிறார். ஒருவரையொருவர் அறிந்த சிற்றூர்ச் சமூகத்தில் அந்த வாக்குறுதியைக் காப்பது எளிதன்று. அட்டையைப் பூட்டிவைப்பதும், மணப்பெண்ணின் ‘முன்–பின்’ படங்களை அவள் அனுமதியின்றி இன்ஸ்டாகிராமில் ஏற்றாதிருப்பதும் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்பே தொழில் அறத்துக்கு உட்பட்டவை.

பதிவின் சட்டப் பயன் டெல்லியில் வெளிப்பட்டது. நட்சத்திர விடுதியொன்றின் முடிதிருத்தகத்தில் 2018இல் சொன்ன நீளத்துக்கு மாறாக முடி வெட்டப்பட்டதென்று ஒரு பெண் தொடுத்த வழக்கில், தேசிய நுகர்வோர் ஆணையம் 2021 செப்டம்பரில் இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அந்தத் தொகைக்கு ஆதாரம் வேண்டும் என்று கூறி 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை மறுவிசாரணைக்கு அனுப்பியது. அடியில் நான்கு அங்குலம் மட்டும் வெட்டச் சொன்னதாக அப்பெண் கூறியதே வழக்கின் மையம். வெட்டுமுன் ஒரு தாளில் அந்த அளவை எழுதி இருவரும் கையெழுத்திட்டிருந்தால், வழக்கின் பாதிக்கு அங்கேயே விடை கிடைத்திருக்கும். இந்தியாவில் அழகுப் பணியாளருக்கு நாடுதழுவிய கட்டாய உரிமம் இல்லாத நிலையில், நுகர்வோர் சட்டமே வாடிக்கையாளருக்குள்ள நடைமுறைக் காப்பு.

இவ்வளவுக்குப் பின்னும் கேள்விகள் கேட்கப்படாமற்போவதன் அடிப்படைக் காரணம் பொருளியல் சார்ந்தது. மணப்பெண் ‘பேக்கேஜ்’ என்று ஒரே தொகை பேசப்படும் ஊரில், அரைமணி நேரக் கலந்தாய்வுக்குத் தனிக் கட்டணம் இல்லை. “நாளைக்கு வந்து பாருங்க, இன்னிக்கு டெஸ்ட் மட்டும்” என்று சொல்லும் பார்லரிலிருந்து வாடிக்கையாளர் எழுந்து, கேள்வியே கேட்காத பக்கத்துத் தெருப் பார்லருக்குப் போய்விடுகிறார். ஒவ்வாமைச் சோதனைக்கும் கலந்தாய்வுக்கும் சிறு தொகையை வெளிப்படையாக வாங்கி, சிகிச்சை நடந்தால் அதை மொத்தத்தில் கழித்துக்கொள்வதும், முன்பண ரசீதின் பின்புறத்திலேயே பத்துத் தமிழ்க் கேள்விகளை அச்சிட்டு வாடிக்கையாளர் வீட்டில் நிதானமாக நிரப்பி வரச் சொல்வதும் இதற்குக் கூடுதல் முதலீடு கேட்காத வழிகள். ஒரே வட்டாரத்துப் பார்லர்கள் கூடி, முடிச்சாயத்துக்கு முன் ஒரு நாள் சோதனை என்பதை மட்டுமாவது பொதுவிதியாக ஏற்றால், கேட்பவர் வாடிக்கையை இழப்பார் என்ற அச்சம் பெருமளவு குறையும்.